டென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், ஹானிவொன் போகலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இருப்பது தேஜோனில். ஆய்வுக்கூட வேலைக்கும் படிப்புக்கும் வரும் நம் பிள்ளைகள் ஆறு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கி என்னிடம் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: "ராத்திரி வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன் அக்கா, நிறுத்த முடியல." நானும் அப்படி இருந்தவள், இங்குள்ள பாரம்பரிய மருத்துவரிடம் போய்க் கணிசமாக மீண்டவள். மொழி தெரியாதவர்களுக்குத் துணையாகவும் பலமுறை போயிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைக்கிறேன்.

ஹானிவொன்னா என்னக்கா? நம்ம ஊர் நாட்டு வைத்தியர் மாதிரியா?

கொரிய பாரம்பரிய மருத்துவம் பார்க்கும் கிளினிக்தான் ஹானிவொன். மருத்துவர் ஹானிசா, நேரில் கூப்பிடும்போது 'வொன்ஜாங்னிம்'. நாட்டு வைத்தியரோடு ஒப்பிடாதீர்கள், பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவரோடு ஒப்பிடுங்கள். ஆறு வருடப் படிப்பு, அப்புறம் அரசுத் தேர்வு, உரிமம் எல்லாம் உண்டு. அவர்கள் அலோபதி மாத்திரை எழுத முடியாது, அலோபதி டாக்டர் இவர்களுடைய ஊசி வைத்தியம் (மருந்து ஏற்றும் ஊசி இல்லை, உடம்பில் மெல்லிய ஊசி குத்தி வைக்கும் அக்குபங்சர்) செய்ய முடியாது. இந்தப் பிரிவினையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இவர்களுடைய மூல நூல்களில் முக்கியமானது ஹோ ஜுன் என்ற அரண்மனை மருத்துவர் 1610-இல் முடித்த 'தொங்கி போகாம்'. 1613-இல் அச்சானது, 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு விலக்கு என்றால் அது மாலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பது என்று அதிலேயே வருகிறது. நானூறு வருஷத்துக்கு முன்பே ராத்திரிச் சாப்பாடு ஒரு பிரச்சினையாக இருந்திருக்கிறது பாருங்கள்!

டென்ஷன் ஆனா எனக்குப் பசிக்குதே, அது நிஜப் பசியா இல்ல மனசா?

இரண்டும்தான். திடீர் அதிர்ச்சியில் பசி செத்துப்போகும், பரீட்சை அன்று காலை இட்லி இறங்காதே, அது மாதிரி. ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும் அழுத்தம் நேர்மாறாக வேலை செய்யும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருக்கும், இனிப்பும் கொழுப்பும் உள்ள சாப்பாட்டின் மேல் ஆசை கூடும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்ல" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள், உடம்பு உண்மையிலேயே கேட்கிறது.

பிரித்தறிய எனக்கு ஹானிசா சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. வயிற்றுப் பசி மெதுவாக வரும், தயிர்ச்சோறு இருந்தாலும் போதும் என்று இருக்கும். மற்றது சட்டென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும், பெரும்பாலும் நெஞ்சிலும் தொண்டையிலும் தெரியும்.

கொரிய மருத்துவத்துல இதுக்கு ஏதாவது பேர் இருக்கா?

ஒரே பெயர் இல்லை, அதுதான் இந்த மருத்துவத்தின் போக்கு. ஒரே மாதிரி அதிகமாகச் சாப்பிடும் மூன்று பேருக்கு மூன்று காரணம் சொல்வார்கள். சொல்ல முடியாத கோபமும் ஏமாற்றமும் உள்ளே அடங்கிக் கிடந்தால் கல்லீரலின் 'கி' (உயிரோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) முடிச்சு விழுந்துவிட்டது, அது இரைப்பையை இடிக்கிறது என்பார்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி, வாய் நாற்றம், ஐஸ் தண்ணீர் மேல் ஆசை என்றால் இரைப்பையில் சூடு. ஓயாமல் யோசிப்பவர்களுக்கு, அதாவது நம் ஆய்வு மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, யோசனை மண்ணீரலைக் கெடுக்கிறது என்பார்கள். இந்தக் கல்லீரல், மண்ணீரல் எல்லாம் ஸ்கேனில் தெரியும் உறுப்புகள் அல்ல, நம் ஊரில் வாதம், பித்தம் என்று சொல்வது போன்ற கணக்கு. "எனக்கு லிவர்ல பிரச்சனையாம்" என்று வீட்டுக்கு ஃபோன் போட்டு அழுத தம்பி ஒருவன் இருக்கிறான், அதனால்தான் சொல்கிறேன்.

'ஹ்வாப்யோங்' என்ற சொல்லும் காதில் விழும். நெருப்பு நோய் என்று அர்த்தம். வருஷக்கணக்கில் விழுங்கிய ஆத்திரம் நெஞ்சில் சூடாக, பெருமூச்சாக, தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்த மாதிரி வெளிவருவது. 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைக் கொரியப் பண்பாட்டோடு இணைந்த நோய்க்கூட்டமாகவே பட்டியலிட்டது. எல்லா டென்ஷன் சாப்பாடும் ஹ்வாப்யோங் இல்லை, ஆனால் சில பேருக்கு அடியில் அதுதான் இருக்கும்.

அப்போ காரமா சாப்பிடணும்னு தோணுறது ஏன்? நம்ம ஊர்க்காரன்ங்கறதாலயா?

இல்லை, கொரியர்களும் இங்கே டென்ஷன் என்றால் தொக்பொக்கிதான் (காரக் குழம்பில் போட்ட அரிசிக் கொழுக்கட்டை), புல்தாக் என்ற காரமான நூடுல்ஸ்தான். காரத்தின் எரிச்சலைத் தணிக்க உடம்பே எண்டார்ஃபினைச் சுரக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் லேசாக இருக்கும். ஹானிசாவும் கிட்டத்தட்ட அதையே வேறு பாஷையில் சொன்னார்: உறைப்பு முடிச்சைக் கலைத்து வெளியே தள்ளும், ஆனால் சூட்டை விட்டுவிட்டுப் போகும். அந்தச் சூடு மறுபடி பசியைக் கிளப்பும். காரத்தை அடியோடு விடச் சொல்லவில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் வேண்டாம் என்றார்.

முதல் தடவை போனா என்ன பண்ணுவாங்க? பயமா இருக்கு.

பயப்பட எதுவும் இல்லை, பெரும்பாலும் பேச்சுதான். நாக்கை நீட்டச் சொல்வார், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், படுக்க வைத்து வயிற்றை அழுத்துவார். கேள்விகள் விசித்திரமாக இருக்கும்: கால் சில்லிடுமா, எந்த நேரம் வியர்க்கும், மலம் எப்படி, கனவு வருமா, கனவில் யாராவது துரத்துவார்களா.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயிறு பார்த்து முடித்தவர், மார்பெலும்பின் நடுவில் ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்து லேசாகத்தான் அழுத்தினார், உயிர் போகிற வலி. அந்த இடத்துக்குத் தான்ஜுங் என்று பெயர், ஹ்வாப்யோங் சந்தேகம் இருந்தால் அங்கேதான் அழுத்திப் பார்ப்பார்களாம். விரலை எடுக்காமலே "கடைசியா எப்போ உட்கார்ந்து, வேற எதையும் பார்க்காம சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். யோசித்தேன், யோசித்தேன், பதில் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

நான் 'தேஉமின்'னு சொல்லிட்டாங்க. அப்படின்னா குண்டாகத்தான் ஆவேனா?

இல்லை. இது ஸசாங் என்ற நான்கு உடல்வகைக் கணக்கு. லீ ஜே-மா (1837–1900) என்பவர் 1894-இல் எழுதிய நூலிலிருந்து வருகிறது. தேயாங், தேஉம், சோயாங், சோஉம் என்று நான்கு வகை. தேஉமின் வகையினர் சேர்த்து வைப்பதில் வலுவானவர்கள், எளிதில் எடை ஏறுவார்கள் என்பார்கள். சோஉமின் என்றால் செரிமானம் பலவீனம், கொஞ்சம் மிஞ்சினாலும் வயிறு அடைத்துக்கொள்ளும். இதை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒருவர் தேஉமின் என்பதை இன்னொருவர் சோயாங் என்று சொல்வதும் நடக்கும். எனக்கு இது உதவியது ஒரே விஷயத்தில்தான்: நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் உனக்கு வியர்வை வெளியே வந்தே ஆக வேண்டும் என்று அவர் அடித்துச் சொன்னதில் சாயங்கால நடையைத் தொடங்கினேன்.

ஊசி குத்தினா பசி அடங்கிடுமா?

ஸ்விட்ச் போட்ட மாதிரி அடங்காது. முடி அளவு மெல்லிய ஊசி, பதினைந்து இருபது நிமிடம் படுத்திருப்பீர்கள், பல பேர் அதிலேயே தூங்கிவிடுவார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தத் தூக்கம்தான் பாதி வைத்தியம். காதில் சின்ன ஊசியையோ விதையையோ பிளாஸ்திரி வைத்து ஒட்டி அனுப்புவதும் உண்டு, சாப்பிடத் தோன்றும்போது விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். ஆய்வுகள் இருக்கின்றன, நிறைய சின்ன ஆய்வுகள், பலனும் சின்னதுதான். ஆனால் டெலிவரி ஆப்பைத் திறக்கப் போன கை ஒரு நிமிடம் காதுக்குப் போகிறதே, அந்த ஒரு நிமிடம் எனக்குப் பல ராத்திரி உதவியிருக்கிறது.

'டயட் ஹான்யாக்' குடிச்சா ஒரே மாசத்துல அஞ்சு கிலோ குறையுதாமே, நேரா அதையே வாங்கிடலாமா?

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை முழுசாகப் படியுங்கள். ஹான்யாக் என்றால் மூலிகை மருந்து. உடம்பைக் குறைக்கக் கொடுப்பதில் பெரும்பாலும் மாஹ்வாங் என்ற மூலிகை இருக்கும், எபெட்ரா செடியின் தண்டு. அதில் எபெட்ரின், சூடோஎபெட்ரின் இருக்கின்றன. பசி குறைவது உண்மைதான், ஆனால் அது உங்கள் இதயத்தையும் நரம்பையும் முடுக்கிவிட்டுத்தான் பசியைக் குறைக்கிறது: படபடப்பு, வாய் வறட்சி, கை நடுக்கம், தூக்கமின்மை, ரத்த அழுத்தம் ஏறுவது. எபெட்ரா கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-இல் தடையே செய்தது. கொரியாவில் ஹானிசா பரிந்துரையில் மருந்தாக வருகிறது. உண்மையான உடல்பருமனுக்கு, ரத்த அழுத்தம் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கிக் கவனமாகக் கொடுக்கும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை.

ஆனால் நம் பிரச்சினை பருமன் இல்லை, டென்ஷன். ஏற்கனவே முறுக்கேறிக் கிடக்கும் உடம்பை இன்னும் முறுக்கினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, கிளினிக் பெயர் வேண்டாம், ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் கொடுத்ததை வாங்கிக் குடித்தாள். முதல் வாரம் சாப்பாடே வேண்டாம் என்று ஒரே சந்தோஷம். இரண்டாவது வாரம் அதிகாலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பகலில் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட் பிடித்த கை நடுங்கியது. நிறுத்திய பத்தாம் நாள் பழைய சாப்பாடு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை.

அதனால் கண்டிப்பாகக் கேளுங்கள்: "மாஹ்வாங் துரொ இஸ்ஸொயோ?" (மாஹ்வாங் இருக்கிறதா?). வேண்டாம் என்றால் "மாஹ்வாங் ப்பே ஜுசேயோ" (எடுத்துவிடுங்கள்). கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் வாங்காதீர்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, தைராய்டு மிகையாகச் சுரப்பது, கர்ப்பம், பதற்ற நோய் இருந்தால் தொடவே வேண்டாம். இன்னொன்று, சளிக்கு மருந்துக்கடையில் வாங்கும் கல்குன்தாங்கிலும் மாஹ்வாங் உண்டு, பல ஜலதோஷ மாத்திரைகளிலும் சூடோஎபெட்ரின் உண்டு. அதற்கு மேல் தினம் மூன்று ஐஸ் அமெரிக்கானோ. எல்லாம் சேர்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சரி, மாஹ்வாங் இல்லாம டென்ஷனுக்குன்னு என்ன தருவாங்க?

மேலே சொன்ன மூன்று காரணத்தில் உங்களுக்கு எது என்பதைப் பொறுத்தது. அடிக்கடி காதில் விழுவது காமி-சோயோ-சான், எரிச்சல், முகச் சூடு, மாதவிடாய்க்கு முந்தைய வெறித்தீனி இவற்றோடு வரும் பெண்களுக்கு நிறையக் கொடுப்பார்கள். தொண்டையில் உருண்டை அடைக்கிறது என்றால் பன்ஹா-ஹுபாக்-தாங்.

இந்த மூலிகைகளில் நமக்குத் தெரியாதது கம்மிதான். காம்சோ என்பது அதிமதுரத்தின் குடும்பம், செங்காங் நம் இஞ்சி, கெபி நம் லவங்கப்பட்டை. முடிச்சு விழுந்த 'கி'யை அவிழ்க்கக் கொடுக்கும் ஹ்யாங்புஜா வேறொன்றும் இல்லை, நம் வயல் வரப்பில் களையாகப் பிடுங்கிப் போடுகிற கோரைக்கிழங்கு! முதல் முறை மருத்துவர் அதைக் கையில் வைத்துக் காட்டியபோது முகர்ந்து பார்த்தேன், பாட்டி குளியல் பொடிக்கு இடித்த அதே வாசனை. தெரிந்த மூலிகை என்பதால் ஆபத்தில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம், அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகமாக எடுத்தால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும்.

நான் சுத்த சைவம். கஷாயத்துல ஏதாவது கலந்திருப்பாங்களா?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நோக்யோங் என்பது மான் கொம்பு, அக்யோ கழுதைத் தோல் பசை, ஊஹ்வாங் மாட்டின் பித்தக்கல். பரீட்சைக்கு முன் படபடப்புக்காகக் கொரிய மாணவர்கள் விழுங்கும் ஊஹ்வாங்-சோங்சிம்-வொன் உருண்டையில் அந்தக் கடைசிப் பொருள் உண்டு, நண்பன் அன்போடு நீட்டினாலும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் ஹானிசா செடி மட்டும் வைத்து எழுதிக்கொடுப்பார்.

செலவு எவ்வளவு ஆகும்? இன்சூரன்ஸ் வருமா?

ஊசி, மோக்ஸா சூடு (மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது), கப்பிங் (தோலில் குவளை வைத்து உறிஞ்சுவது) இவற்றுக்குத் தேசிய மருத்துவக் காப்பீடு உண்டு, கிளினிக்கில் உங்கள் பங்கு சுமார் 30 சதவீதம், ஒரு தடவைக்குப் பெரும்பாலும் பத்தாயிரம் வோனை ஒட்டி முடிந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவருக்கு 2019 ஜூலையிலிருந்து இந்தக் காப்பீடு கட்டாயம், மாணவர்களுக்கு 2021 மார்ச்சிலிருந்து. மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே பயன்படுத்தாமல் இருக்கிறீர்கள்!

காப்பீட்டில் வரும் பொடி மருந்துகள் 56 வகை, காமி-சோயோ-சான் அதில் ஒன்று. உங்களுக்கென்று காய்ச்சிப் பையில் அடைத்துத் தரும் கஷாயம் வேறு கணக்கு, ஒரு மாதத்துக்குச் சில லட்சம் வோன் ஆகலாம். சில நோய்களுக்கு மட்டும் 2020 நவம்பரிலிருந்து சோதனை முறையில் காப்பீடு தருகிறார்கள், 2024-இல் செரிமானக் கோளாறும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எடை குறைப்பதற்குக் கிடையாது. அதனால் என் கருத்து: முதல் மாதம் ஊசியும் காப்பீட்டுப் பொடியும் போதும், முதல் நாளே மூன்று மாத பேக்கேஜ் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் ஏற்கனவே தைராய்டுக்கும் டிப்ரஷனுக்கும் மாத்திரை சாப்பிடறேன். சேர்த்து எடுக்கலாமா?

நீங்களாக முடிவு செய்யாதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன பிரிவினை இங்கேதான் இடிக்கும்: இரண்டு மருத்துவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. மாத்திரை அட்டைகளை ஃபோட்டோ எடுத்து ஹானிசாவிடம் காட்டுங்கள், கஷாயத்தில் உள்ளவற்றின் பட்டியலை வாங்கி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இதேதான். மன அழுத்த மாத்திரையோடு மாஹ்வாங் சேர்வது ஆபத்து, சில வகை மாத்திரைகளோடு மிக ஆபத்து. ஊசி மட்டும் போட்டுக்கொள்வதில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை, ரத்தம் உறையாத மருந்து எடுத்தால் மட்டும் குத்துமுன் சொல்லிவிடுங்கள்.

இது வேலை செய்யுதுன்னு நிரூபணம் இருக்கா, இல்ல நம்பிக்கைதானா?

டென்ஷனால் அதிகம் சாப்பிடுவதற்கு இந்த மருத்துவம் உறுதியான தீர்வு என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. ஊசிக்கு என்ன நிலைமை என்று மேலேயே சொன்னேன். பேச்சுவழிச் சிகிச்சைக்கு, குறிப்பாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, இதைவிட வலுவான ஆதாரம் உண்டு.

அப்புறம் ஏன் போகச் சொல்கிறேன்? பேச்சுவழிச் சிகிச்சைக்கு மொழி வேண்டும், நம் பிள்ளைகளுக்குக் கொரிய மொழியில் அழவோ திட்டவோ வராது. மனநல மருத்துவரிடம் போகக் கூச்சப்படுகிறவன் முதுகு வலி என்று சொல்லிக்கொண்டாவது ஹானிவொன் படி ஏறுகிறான். அங்கே ஒருவர் வாரம் ஒருமுறை "இந்த வாரம் தூங்கினீங்களா, மலம் போச்சா, யார் மேல கோபம்?" என்று கேட்கிறார். தூக்கமும் செரிமானமும் சீரானால் ராத்திரிச் சாப்பாடு தானாகக் குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எப்போ இது வெறும் டென்ஷன் சாப்பாடு இல்ல, நோய்னு தெரிஞ்சுக்கிறது?

குறைந்த நேரத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, அப்புறம் வெட்கம், இது வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அது கட்டற்ற உண்ணல் நோயாக இருக்கலாம், மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறீர்கள், பேதி மருந்து போடுகிறீர்கள் என்றால் மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம். இங்கே ஹானிவொன் துணை வைத்தியமாக மட்டும் இருக்கலாம். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 109, மனநல நெருக்கடிக்கு 1577-0199, இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். கொரிய மொழி தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், யாரும் இல்லையென்றாலும் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் சரி, இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்குக் கை துறுதுறுன்னா என்ன பண்றது?

எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். உள்மணிக்கட்டின் கோட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவில் நேக்வான் என்ற இடம், டென்ஷனில் நெஞ்சு இறுகுவதற்கும் குமட்டலுக்கும் அழுத்துவது. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே இரண்டு கையிலும் ஒவ்வொரு நிமிடம். அப்புறம் சூடாக ஒரு டம்ளர் பார்லித் தண்ணீர், இங்கே போரிச்சா. காபியில்லை, கிரீன் டீயும் வேண்டாம். அதற்கு மேலும் பசித்தால் அது வயிற்றுப் பசி, சாப்பிடுங்கள், தட்டில் போட்டு, உட்கார்ந்து, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. பட்டினி கிடந்தால் மறுநாள் ராத்திரி வட்டியோடு வரும்.

ஆனால் நிஜமான மருந்து மத்தியானத்திலேயே தொடங்குகிறது. காலையில் ஒன்றும் இல்லை, மதியம் ஒரு கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு), அப்புறம் ராத்திரி ஒன்பது வரை காபி என்று ஓட்டினால் எந்த ஊசியும் உங்களைக் காப்பாற்றாது.

மிச்சக் கஷாயத்தை ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா? அம்மாவும் இதே மாதிரி சாப்பிடறாங்க.

வேண்டாம். அது உங்கள் நாக்கையும் நாடியையும் பார்த்து எழுதியது. மாஹ்வாங் இருந்தால் சட்டச் சிக்கலும் சேரும், எபெட்ரின் இந்தியாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வேதிப்பொருள். அம்மாவைப் பக்கத்து ஊர் அரசு சித்த மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன் அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள், ஹ்வாப்யோங் பற்றி எழுதியதை மறுபடி படித்துவிட்டு.

நிறுத்தினா திரும்ப வந்துடுமா?

வரும், எனக்கும் வந்தது. எட்டு வாரம் போனேன், ஐந்தாவது வாரத்தில் ராத்திரிகள் அமைதியாயின. அடுத்த வருஷம் ஒப்பந்தம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாத அந்த மாதத்தில் மறுபடி தொடங்கிவிட்டது. இந்த முறை மூன்றாவது ராத்திரியிலேயே அடையாளம் தெரிந்தது, ஃபோன் போட்டு அந்த வாரமே நேரம் வாங்கினேன். போய்ப் படுத்ததும் வொன்ஜாங்னிம் அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தார். வலித்தது, ஆனால் பழைய வலியில் பாதிதான்.